நீச்சல் குளத்தை மூடியதால் வந்த வினை

ஜப்பானில் பெண் பிள்ளைகளுக்கென்று தனியாக அனிமே என்னும் கார்ட்டூன் எப்படித் தோன்றியது என்று விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால், மரபு, அழகியல், போருக்குப் பிந்தைய சமூகம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார்கள். நம்ப வேண்டாம். ஒரு நீச்சல் குளத்தில் தண்ணீர் சில்லிட்டுக் கிடந்தது. அதிலிருந்துதான் எல்லாம்.

குளத்தின் சொந்தக்காரர் இச்சிசோ கொபயாஷி. மித்சுயி பேங்கில் உத்தியோகம் பார்த்துவிட்டு ரயில் கம்பெனி நடத்த வந்தவர். 1910இல் ஒசாகாவின் உமேதாவிலிருந்து டகராசுகா வரை தண்டவாளம் போட்டு ரயிலும் விட்டார். ஏறுவதற்கு ஆள் வேண்டுமே! வழிநெடுக வயல்தான். கம்பெனியின் பெயரில் அரிமா என்ற ஊரும் இருந்தது. அரிமா வரை ரயில் கடைசிவரை போய்ச் சேரவில்லை. மனிதர் அசரவில்லை. தண்டவாளத்துக்கு இருபுறமும் மனை பிரித்து, வீடு கட்டி, தவணையில் விற்றார். மினோவில் மிருகக்காட்சிசாலை திறந்தார். கடைசி ஸ்டேஷனான டகராசுகாவில் வெந்நீர்க் குளியலகம் ஒன்று கட்டி, அதையொட்டி 'பாரடைஸ்' என்ற நாகரிகப் பெயரில் கட்டடத்துக்குள்ளேயே ஒரு நீச்சல் குளமும் வைத்தார்.

வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஊரில், பச்சைத் தண்ணீர்க் குளம். சூடாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கூரை போட்ட கட்டடமாதலால் வெயிலும் உள்ளே விழாது. ஆணும் பெண்ணும் சேர்ந்து இறங்கக் கூடாது என்ற தடை வேறு. இறங்கிய ஒன்றிரண்டு பேரும் உதறிக்கொண்டு ஓடிவிட்டார்கள். கொபயாஷி குளத்தின் மேல் பலகையை அடித்தார். உடை மாற்றும் இடம் மேடையாயிற்று. குளம் இருந்த இடத்தில் சனங்கள் உட்கார்ந்தார்கள். மேடை என்றால் யாராவது ஆட வேண்டும், பாட வேண்டும். அப்போது மித்சுகோஷி ஜவுளிக்கடையில் சிறுவர் பேண்டு வாத்தியக் குழு ஒன்று சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. இவர் சிறுமிகளைத் திரட்டினார். 1914 ஏப்ரல் 1 அன்று அரங்கேற்றம். முட்டாள்கள் தினம் பார்த்துத்தான் நாள் குறித்தாரா தெரியாது, ஆனால் கூட்டம் வந்தது, ரயிலில் ஏறியே வந்தது.

முதல் நாடகம், பீச் பழத்துக்குள்ளிருந்து பிறந்த மொமொதாரோ என்ற வீரச் சிறுவனின் கதை. சிறுவனாக நடித்தது சிறுமி. அன்று முதல் இன்றுவரை டகராசுகா மேடையில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கள்ளபார்ட்டும் எல்லாமே பெண்கள்தான். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே திரையில் வந்ததைப் பார்த்தவர்களின் பேரன் பேத்திகளான நமக்கு இதில் பெரிய அதிர்ச்சி இல்லை. ஆனால் ஜப்பானியப் பெண்களுக்கு ராஜபார்ட் பெண்கள் மேல் வந்த பைத்தியம் இருக்கிறதே, அது தனி ரகம். யோசித்தால் நியாயமும் இருக்கிறது. வீட்டில் இருக்கிற எந்த ஆண் சொன்ன நேரத்துக்கு வந்து, கண்ணை நேராகப் பார்த்து, மண்டியிட்டுக் காதலைச் சொல்லி, அதைப் பாட்டாகவும் பாடினான்? மேடையில் ஆண் எப்படி இருக்க வேண்டுமென்று பெண்களே வேடம் போட்டுக் காட்டினார்கள். அசலைவிட நகல் நன்றாக இருந்தது.

1933இல் டகராசுகா ஊருக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. நாலைந்து வயதுப் பையன். பெயர் ஒசாமு தெசுகா. அம்மா டகராசுகா ரசிகை. பையனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைப்பார். டகராசுகா அரங்கில் கால் வைக்காத குழந்தை அந்த வட்டாரத்தில் இருந்திருக்க முடியாது. பையன் வளர்ந்து மருத்துவப் படிப்பு முடித்தான். முடித்த கையோடு ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, படிக்கும்போதே வரைந்துகொண்டிருந்த மங்கா என்ற படக்கதையோடே உட்கார்ந்துவிட்டான். 1953இல் 'ஷோஜோ க்ளப்' பத்திரிகையில் ஒரு தொடர்: வில்லன்கள் ஆணை மட்டுமே அரியணை ஏறவிடும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும் நாட்டில், ஆண் வேடம் போட்டு வாழும் இளவரசி சஃபையரின் கதை. ரிப்பன் கட்டிய வீரன் என்பது தலைப்பு.

மருத்துவம் படித்த மனிதர், கதாநாயகிக்கு இரண்டு இதயம் வைத்தார். பிறப்பதற்கு முன் சொர்க்கத்தில் ஒரு வாண்டு தேவதை விஷமம் செய்து ஆண் இதயத்தைக் கொடுத்துவிட, பிறகு பெண் இதயமும் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆண் இதயம் உள்ளே இருக்கும்வரை சஃபையர் வாளைச் சுழற்றுவாள். அதை எடுத்துவிட்டால் கை துவண்டுவிடும். வாள் பிடிக்க ஆண் இதயம் ஒன்று இரவல் வேண்டியிருந்த காலம் அது. வில்லனுக்கு டுராலுமின் பிரபு என்று பெயர். அவன் கையாளுக்கு நைலான். பிளாஸ்டிக் என்றும் ஒருவன் உண்டு. பாத்திரக் கடையில் நின்றுகொண்டு கதை யோசித்தாரோ என்னவோ. ஆனாலும் அந்தக் காலச் சிறுமிகள் இதயக் கணக்கையெல்லாம் பொருட்படுத்தவில்லை. வாளையும் குதிரையையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு மீதியைத் தெசுகாவிடமே விட்டுவிட்டார்கள். இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது: பெண்களுக்கு என்ன பிடிக்கும் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்வார்கள், பெண்கள் அதில் வேறு எதையோ பார்த்து மயங்குவார்கள்.

முடிவு செய்த பெரியவர்கள் யார் என்று பார்த்தால் சிரிப்பு வரும். 1950களிலும் 60களிலும் சிறுமிகள் பத்திரிகைகளில் படக்கதை போட்டவர்களில் ஆண்களின் கூட்டம்தான் கூட்டம். பின்னாளில் விண்வெளிக் கப்பல் விட்ட லெய்ஜி மத்சுமோதோவும் அங்கேதான் கைப்பழக்கம் செய்தார். குத்துச்சண்டைக் கதை வரைந்து புகழ்பெற்ற தெத்சுயா சிபாவும் அங்கேதான். ஆண் பிள்ளைகள் பத்திரிகையில் இடம் கிடைக்கும்வரை பெண் பிள்ளைகள் பத்திரிகை வெயிட்டிங் ரூம்.

பெண் பிள்ளைகளுக்கென்று டிவியில் முதலில் வந்த அனிமே சஃபையருடையது அல்ல. அவளை முந்திக்கொண்டு 1966 டிசம்பர் 5 அன்று தோயே நிறுவனத்தின் 'சூனியக்காரி சாலி' வந்துவிட்டாள். வரைந்தவர் மித்சுதெரு யோகோயாமா. அதற்கு முன்னால் அவருக்குப் புகழ் தேடித் தந்தது 'இரும்பு மனிதன் 28' என்ற ராட்சச ரோபோ. ரிமோட்டால் ரோபோவை நடக்கவிட்டவரிடம், சிறுமிகளுக்கு ஒன்று செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டு ஜப்பானிய டிவியில் ஒரு அமெரிக்கத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது: மூக்கை ஆட்டி மாயம் செய்யும் இல்லத்தரசி, மாயமே வேண்டாம் என்று கெஞ்சும் புருஷன். அதிலிருந்து புருஷனைக் கழித்துவிட்டு, இல்லத்தரசியைச் சிறுமியாக்கியதும் சாலி பிறந்தாள். மாயலோகத்து இளவரசி பூலோகத்துப் பள்ளிக்கூடத்தில் சேருகிறாள். 109 வாரம். முதல் 17 வாரம் கறுப்பு வெள்ளை, அப்புறம் கலர். புருஷன் இல்லாததால் கதை எவ்வளவு சுகமாக ஓடியது பாருங்கள்.

1969இல் 'அக்கோ சான்' வந்தாள். உடைந்துபோன கண்ணாடியைக் குப்பையில் போடாமல் மரியாதையாகப் புதைத்த சிறுமிக்குக் கண்ணாடியின் ஆவி மகிழ்ந்து ஒரு மாயக் கையடக்கக் கண்ணாடி தருகிறது. அதைத் திறந்து மந்திரம் சொன்னால் யாராகவும் மாறலாம். இதை வரைந்தவர் ஃபுஜியோ அகத்சுகா, ஜப்பான் முழுக்க வயிறு வலிக்கச் சிரிக்கவைத்த கோமாளிக் கதைகளின் ராஜா. அந்தக் கண்ணாடியைப் பொம்மைக்காரர்கள் அச்சு அசலாகச் செய்து கடையில் வைத்தார்கள். போன வேகம் கண்டு அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து மந்திரக்கோலின் நீளத்தையும் நிறத்தையும் முடிவு செய்வதில் பொம்மைக் கம்பெனிக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டது. இந்த நாற்காலியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் வாலிபால்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ், அக்டோபர் 23. பெண்கள் வாலிபாலில் ஜப்பானும் சோவியத் யூனியனும் மோதின. டோக்கியோ வட்டாரத்தில் 66.8 சதவீத வீடுகள் அதைப் பார்த்தன. மீதி வீடுகளில் டிவி பழுதாகியிருக்க வேண்டும். ஜப்பான் 3–0 என்று ஜெயித்தது. அணியில் பெரும்பாலோர் ஒசாகா பக்கம் கைசுகாவில் இருந்த நிச்சிபோ நூற்பாலைப் பெண்கள். பகலில் மில் ஆபீஸ் வேலை. மாலையில் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் பயிற்சி. பயிற்சியாளர் ஹிரோபுமி தைமத்சு, இரண்டாம் உலகப் போரில் நம் இம்பால் காட்டிலிருந்து உயிரோடு திரும்பிய ஆள். இம்பாலில் பட்ட பாட்டை அந்தப் பெண்களும் கொஞ்சம் பட்டால் என்ன என்று நினைத்தவர். தரையில் விழுந்து, உருண்டு, எழுந்து பந்தை எடுக்கும் வித்தையை அவர்கள் தோளெல்லாம் கன்றிப்போகும்வரை பழக்கினார். எதிரணிகளின் நாட்டுப் பத்திரிகைகள் இவர்களைக் கிழக்கின் சூனியக்காரிகள் என்றன. ஜப்பானியர்கள் அதையே பட்டமாக வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டார்கள்.

உலகையே ஜெயித்த பெண்களிடம் நாடு கேட்ட அடுத்த கேள்வி என்ன? வேறென்ன, கல்யாணம் எப்போது என்பதுதான். கேப்டன் மசாயே கசாய்க்கு அப்போது 31 வயது. பந்தின் பின்னால் ஓடியதில் வரன் பார்க்க நேரமில்லை. சேதி பிரதமர் எய்சாகு சாதோவின் காதுக்கே போயிற்று. அவர் தற்காப்புப் படை அதிகாரி ஒருவரைப் பார்த்து முடித்து வைத்தார், 1965இல் கல்யாணம். பின்னால் 1974இல் சாதோவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அது வேறு காரணத்துக்காக.

இத்தனை வியர்வையும் கண்ணீரும் கொட்டிக் கிடக்கும்போது மங்காக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சிகாகோ உரானோ என்ற இளம்பெண் 1968இல் 'மார்கரெட்' வாரப் பத்திரிகையில் 'அட்டாக் நம்பர் 1' தொடங்கினார். மறு ஆண்டு டிசம்பரில் டிவிக்கு வந்து 104 வாரம் ஓடியது. நாயகி கொசுயே அயுஹாரா பந்தை மேலே தூக்கிப் போட்டால் அது இறங்கி வருவதற்குள் போன வருடத் தோல்வி, ஆசிரியர் திட்டியது, தோழி முகம் திருப்பிக்கொண்டது எல்லாவற்றையும் நினைத்து அழுது, கண்ணைத் துடைத்து, உறுதியும் எடுத்து, பிறகு அடிப்பாள். புவியீர்ப்பு காத்திருக்கும். அடிபட்ட பந்து முட்டை வடிவத்தில் நசுங்கிப் பறக்கும். இதைப் பார்த்து எத்தனை சிறுமிகள் வாலிபால் மைதானத்துக்கு ஓடினார்களோ, அவர்கள் எல்லாரும் பந்து உடனே கீழே வந்து விழுவதைக் கண்டு ஏமாந்திருப்பார்கள்.

1973இல் டென்னிஸுக்கு வந்தது யோகம். 'ஏஸைக் குறிவை' என்ற தொடரில் பள்ளி டென்னிஸ் ராணிக்கு ஊரே வைத்த பட்டம் வண்ணத்துப்பூச்சிச் சீமாட்டி. வயதோ பள்ளிக்கூட வயது. பேச்சோ மாமியார் பேச்சு. தோளில் புரளும் பொன்னிறச் சுருள்முடியைக் கட்டக்கூட மாட்டாள், அப்படியே ஆடுவாள், ஒரு முடி கலையாது. இதை இயக்கிய ஒசாமு தெசாகி, உணர்ச்சி உச்சத்துக்குப் போனதும் படத்தை நிறுத்திவிடுவார். அசையும் படம் சட்டென்று தீட்டிய ஓவியமாக உறைந்து நிற்கும். வேறு சமயம் ஒரே அசைவை மூன்று தடவை திரும்பத் திரும்பக் காட்டுவார். முதல் ஓட்டத்தில் 26 வாரத்தோடு கடையைக் கட்டிவிட்டார்கள். மறுஒளிபரப்பில்தான் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். தெசாகியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிரான்சில் ஒரு வேலை இருக்கிறது.

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி நாம் பள்ளியில் படித்ததெல்லாம் பாதிதான். ரொட்டி விலை, வரி, ரூஸோ, பஸ்தில் சிறை. இத்தனையையும் முன்னின்று நடத்திய, பொன்முடியும் நெடிய கால்களும் கொண்ட பெண் தளபதியைப் பாடப்புத்தகம் எழுதியவர்கள் எப்படியோ விட்டுவிட்டார்கள். அந்தக் குறையைத் தீர்த்தவர் ரியோகோ இக்கேதா. 1947இல் பிறந்தவர், தத்துவம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவர். பள்ளி நாட்களில் ஸ்டீஃபன் ஸ்வைக் எழுதிய மரீ அந்துவானெத் வாழ்க்கை வரலாற்றைப் படித்ததிலிருந்து அந்த ராணியை விடுவதாயில்லை. 1972இல் 'மார்கரெட்' ஆசிரியர் குழுவிடம் போய்ச் சரித்திரக் கதை வரையப்போகிறேன் என்றார். பெண்களும் குழந்தைகளும் சரித்திரத்தைச் சீண்ட மாட்டார்கள் என்று ஆண்கள் நிறைந்த அறை தீர்ப்புச் சொன்னது. கட்டாயம் ஓடும் என்று உத்தரவாதம் கொடுத்துவிட்டு வந்து அந்த 24 வயசுப் பெண் வரையத் தொடங்கினார். 'வெர்சாய் ரோஜா' என்று பெயர்.

கதைப்படி ஜார்ஜாய் தளபதிக்கு வரிசையாகப் பெண்கள். ஆறாவதும் பெண். நம்மூராக இருந்தால் போதும்பொண்ணு என்று பெயர் வைத்துவிட்டு மாட்டைக் கவனிக்கப் போயிருப்பார்கள். அவர் ஆஸ்கர் என்று பெயர் வைத்து, இது ஆண் பிள்ளைதான் என்று அறிவித்து, கையில் வாளைக் கொடுத்துவிட்டார். ஆஸ்கர் அரண்மனைக் காவற்படைக்குத் தலைமை தாங்கி, அந்துவானெத்தைக் காத்து, அரசவைச் சீமாட்டிகளையெல்லாம் பெருமூச்சு விடவைக்கிறாள். இங்கே இரவல் இதயம் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே இதயம், அதை வைத்துக்கொண்டே வாள் வீசுகிறாள், குடித்துவிட்டுச் சாராயக்கடையில் சண்டை போடுகிறாள், கடைசியில் தன் வர்க்கத்தையே தூக்கியெறிகிறாள். கூடவே வளர்ந்த வேலைக்காரப் பையன் ஆந்த்ரே அவளைக் காதலித்து, ஒரு கண்ணை இழந்து, மறு கண்ணும் மங்கிப்போய், அதையும் மறைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே குதிரையில் வருகிறான். பொறுமையில் அவனை மிஞ்ச ஆளில்லை. சொல்லப்போனால் அவன் காதலைப் புரிந்துகொள்ள ஆஸ்கருக்கு எடுத்த காலத்தில் பிரான்சில் ஒரு ஆட்சியே கவிழ்ந்துவிட்டது.

உண்மையில் இக்கேதா எழுத உட்கார்ந்தது ராணியின் கதையைத்தான். வாசகிகள் ராணியைப் பார்க்கவே இல்லை. ஆஸ்கர், ஆஸ்கர் என்று ஒரே கூச்சல். 1789 ஜூலை 14 அன்று பஸ்தில் வாசலில் ஆஸ்கர் குண்டடிபட்டுச் செத்ததும் ஜப்பான் முழுக்கப் பள்ளி மாணவிகள் வீட்டில் எழவு விழுந்ததுபோல் அழுதார்கள். அதற்குப் பிறகு தொடர் சில வாரத்தில் முடிந்துபோயிற்று. கில்லட்டினில் ராணியின் தலை உருண்டது, சரி சரி, அதைப் பற்றி யாருக்கு என்ன?

இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தது டகராசுகா. டிவி வந்தபிறகு அவர்கள் மேடைக்குக் கூட்டம் குறைந்திருந்தது. 1974இல் ஆஸ்கரை மேடை ஏற்றினார்கள். ஆணாக நடிக்கும் பெண்ணை, ஆணாக நடிக்கும் பெண்ணே நடித்தாள். குழப்பமே இல்லை, வசூல்தான். இயக்கியவர் பழம்பெரும் சினிமா நட்சத்திரம் கசுவோ ஹசெகாவா. மங்காவில் எல்லாருக்கும் கண்ணில் நட்சத்திரம் மின்னுமே, அது மேடையில் வேண்டாமா என்று ரசிகைகள் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். மாடியில் எந்த இருக்கையைப் பார்த்தால் விளக்கு வெளிச்சம் விழியில் விழுந்து மின்னும் என்று கணக்குப் பார்த்து, அந்த இருக்கையைப் பார்த்து வசனம் பேசு என்று சொல்லிக்கொடுத்தார். அந்த இருக்கைக்கு டிக்கெட் வாங்கியவளின் கதியை நினைத்துப் பாருங்கள். உலகிலேயே அழகான தளபதி தன்னை மட்டுமே பார்த்துக் காதல் சொல்கிறாள் என்று நம்பி வீட்டுக்குப் போயிருப்பாள்.

1979இல் ஷிசெய்டோ அழகுசாதனக் கம்பெனி ஆதரவோடு ஜப்பானியப் பணத்தில் ஒரு பிரெஞ்சு இயக்குநர், ழாக் தெமி, நிஜ வெர்சாய் அரண்மனையிலேயே படம் எடுத்தார். நடிகர்கள் பேசியது ஆங்கிலம். அதில் ஆஸ்கர் சாகவில்லை. இரண்டு நாட்டு ரசிகர்களையும் ஒரே நேரத்தில் ஏமாற்ற இத்தனை பேர் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று அனிமே வந்தது. முதலில் இயக்கியவர் ததாவோ நகஹாமா, ராட்சச ரோபோத் தொடர்களில் பேர் வாங்கியவர். ரோபோக்காரர்களை விட்டால் சிறுமிகளுக்குக் கதி இல்லை என்று ஜாதகத்தில் எழுதியிருக்கிறது. 19ஆவது வாரத்திலிருந்து தெசாகி வந்தார். வந்ததும் வெர்சாயில் மழை பிடித்துக்கொண்டது. அந்தி வெளிச்சம் நீண்டது. அக்கார்டியன் வாசிக்கும் ஒற்றைக்கால் தெருப்பாடகன் ஒருவன் எங்கிருந்தோ முளைத்தான். ஒவ்வொரு துரோகத்துக்கும் படம் ஓவியமாக உறைந்தது. ரோஜா இதழ்கள் குறைந்து பாரிஸின் சேறு கூடியது. என்னைக் கேட்டால், சிறுமிகளுக்கான கார்ட்டூன் என்ற பெயரில் பசியையும் வர்க்கக் கோபத்தையும் இவ்வளவு அழகாகப் பரிமாறிய தொடர் வேறு இல்லை. பிரெஞ்சுக் குழந்தைகளும் 1986இலிருந்து தங்கள் புரட்சியை ஜப்பானியர்களிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். 2009இல் பிரான்ஸ் இக்கேதாவுக்கு லெஜியன் ஆஃப் ஆனர் விருது கொடுத்துக் கணக்கைத் தீர்த்தது. அதற்குள் அவர் 47 வயதில் இசைக் கல்லூரியில் சேர்ந்து சோப்ரானோ பாடகியாகவும் ஆகிவிட்டிருந்தார். சரித்திரம் ஓடாது என்று சொன்ன ஆசிரியர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

வெர்சாய் வரை போக முடியாத சிறுமிகளுக்கு மிச்சிகன் ஏரிக்கரையில் 'கேண்டி கேண்டி' இருந்தாள். 1976 முதல் 115 வாரம். அநாதை விடுதிப் பெண்; பணக்கார வீட்டில் வேலைக்காரியாகப் போகிறாள்; அந்த வீட்டுப் பிள்ளைகள் கொடுமைப்படுத்துகிறார்கள்; அந்தோணி என்ற நல்ல பையன் கிடைக்கிறான். நல்ல பையன் என்றாலே பயம் வரவேண்டும். நரி வேட்டைக்குப் போன இடத்தில் குதிரையிலிருந்து விழுந்து செத்துப்போகிறான். பிறகு லண்டன் விடுதிப் பள்ளியில் டெர்ரி. அவனோடு சேர முடியாமல் வேறொருத்தி காலை இழந்து குறுக்கே நிற்கிறாள். கேண்டி நர்ஸாகிறாள், முதல் உலகப் போர் வருகிறது. இதற்கிடையே பெயர் தெரியாத குன்றின் மேல் இளவரசன், முகம் காட்டாத பணக்கார மாமா, ஞாபகம் இழந்த நாடோடி நண்பன் மூவரும் ஒரே ஆள் என்று கடைசியில் தெரியும்போது, நம்மூர் மெகா சீரியல்காரர்களே எழுந்து நின்று வணக்கம் வைப்பார்கள். நிஜ வாழ்க்கையிலும் கதை முடியவில்லை. கதை எழுதியவருக்கும் படம் வரைந்தவருக்கும் உரிமைத் தகராறு வந்து, 2001இல் ஜப்பான் உச்ச நீதிமன்றம்வரை போய், எழுதியவர் பக்கம் தீர்ப்பானது. கேண்டியை இப்போது டிவியிலும் காணோம், கடையிலும் காணோம். கடைசி இழப்பும் அவளுக்கே.

இப்போது பொம்மைக் கம்பெனியின் நாற்காலி. 1982இல் 'மிங்கி மோமோ' என்றொரு மாயச் சிறுமி வந்தாள். நினைத்த தொழிலில் பெரியவளாக மாறுவாள்: நர்ஸ், போலீஸ், விமானி, எது வேண்டுமானாலும். பொம்மை விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை என்று ஸ்பான்சர் முகம் சுளிக்க, தொடரை முடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எழுத்தாளர்கள் பணிவாகத் தலையாட்டினார்கள். 46ஆவது வாரம் மோமோ தெருவில் லாரி மோதிச் செத்துப்போனாள். லாரியில் இருந்த சரக்கு பொம்மைகள். இவ்வளவு நேர்த்தியான ராஜினாமாக் கடிதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்கப்புறம் தொடர் நீட்டிக்கப்பட்டு, மோமோ மனிதக் குழந்தையாகப் பிறந்து 63 வாரம்வரை வந்தாள் என்பது வேறு விஷயம்.

அடுத்து வந்தவர் பொம்மைக் கம்பெனியையே வேலை வாங்கினார். நவோகோ தகேஉச்சி, மருந்தியல் படித்துப் பட்டம் பெற்று ஆஸ்பத்திரியில் வேலையும் பார்த்தவர். மாலுமிச் சட்டைப் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் துஷ்டர்களை அடித்து நொறுக்கும் கதை ஒன்றை 1991இல் வெளியிட்டிருந்தார். தோயேக்காரர்கள் அதைப் படமாக்க வந்தார்கள். ஒருத்தி போதாது, ஐந்து பேர் வேண்டும் என்று ஆனது. ஜப்பானில் ஐந்து நிறச் சட்டையில் ஐந்து பேர் நின்று கை நீட்டி ராட்சதர்களை அடிக்கும் ஆண் பிள்ளைகள் தொடர் 1975 முதலே ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டையைக் கழற்றிப் பெண்களுக்குப் போட்டதும் 1992 மார்ச் 7 அன்று 'சைலர் மூன்' பிறந்தது. ஒரு வருடம் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஐந்து வருடம், 200 வாரம் ஓடியது.

உசாகி என்ற கதாநாயகிக்கு 14 வயது. பரீட்சையில் முட்டை, பள்ளிக்குத் தாமதம், தொட்டதற்கெல்லாம் அழுகை, தீனிப் பண்டாரம். உலகைக் காப்பாற்றும் வேலையை இவளிடமா கொடுப்பது என்று அவளிடம் பேசும் பூனைக்கே சந்தேகம். வாலிபால் கொசுயே அழுதது போதவில்லை என்று நினைத்து அழுதாள். இவள் வலிக்கிறது என்று அழுதாள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. மாறும் காட்சியில் ரிப்பன் சுற்றி, நகப்பூச்சு மின்னி, தலைக்கிரீடம் வந்து முடியும்வரை எதிரி மரியாதையாக நின்று காத்திருப்பான். அந்தப் பொறுமையை டோக்கியோ அரக்கர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்பதை ஆராயலாம். ரோஜாவை எறிந்துவிட்டு இரண்டு வரி வசனம் பேசி மறைந்துவிடும் முகமூடி வீரன் ஒருவன் உண்டு. சண்டையை முடிப்பது உசாகிதான். அவன் மலர் அலங்காரம். முதல் வருட முடிவில் ஐந்து பெண்களும் ஒவ்வொருத்தியாகச் செத்துப் போனார்கள். சனிக்கிழமை மாலை 7 மணி, வீட்டில் எல்லாரும் சாப்பிடும் நேரம். மறுபிறவி கொடுத்து அடுத்த வாரமே எழுப்பிவிட்டார்கள் என்றாலும், அந்த ஒரு வாரத்தை ஜப்பானிய அம்மாக்கள் சுலபத்தில் மறந்திருக்க மாட்டார்கள்.

2004இல் தோயே இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 'ப்ரிக்யூர்' தொடருக்கு இயக்குநராக டைசுகே நிஷியோவைக் கூப்பிட்டார்கள். 'டிராகன் பால் ஸி'யில் மலைகளை இடித்தவர். பெண் பிள்ளைகளுக்கும் ரகளை பண்ண ஆசை இருக்கும் என்பதுதான் தயாரிப்பாளரின் அடிப்படைத் தத்துவம். மந்திரக்கோலை ஓரமாக வைத்துவிட்டு, ஜிகினாப் பாவாடை கட்டிய இரண்டு பள்ளி மாணவிகள் வெறுங்கையால் குத்தவும் உதைக்கவும் தொடங்கினார்கள். 1953இலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று பாட்டிகள் சொல்லியிருக்கலாம்.

இதெல்லாம் உள்நாட்டுப் பெரியவர்களின் கதை. வெளிநாட்டுப் பெரியவர்கள் இவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். இத்தாலியில் கேண்டி டெர்ரியைப் பிரிந்தது பொறுக்காமல், பழைய காட்சிகளை வெட்டி ஒட்டி வசனத்தை மாற்றி, இருவரையும் சேர்த்துவைத்து அனுப்பினார்கள். அமெரிக்காவில் 1995இல் 'சைலர் மூன்' போனபோது, முதல் வருடத்தின் கடைசி இரண்டு வாரங்களை ஒன்றாக்கி, யாரும் சாகவில்லை, பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். வில்லன்களில் இரண்டு ஆண்கள் காதலர்கள். அதில் ஒருவருக்குப் பெண் குரல் கொடுத்துப் பெண்ணாக்கிவிட்டார்கள். ஒளிபரப்பியதோ குழந்தைகள் தூங்கும் விடியற்காலையில். பார்க்க ஆள் இல்லை என்று நிறுத்தியும் விட்டார்கள். ரசிகைகள் விடவில்லை. கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். விளம்பரம் கொடுத்த பாப் டார்ட்ஸ் தின்பண்டத்தைப் பேசிவைத்துக்கொண்டு வாங்கிக் குவித்துத் தங்கள் பலத்தைக் காட்டினார்கள். காந்தி வெளிநாட்டுத் துணியை வாங்காதே என்றார். இவர்கள் தலைகீழாக வாங்கியே போராடினார்கள். மிச்ச வாரங்களும் வந்து சேர்ந்தன.

மூன்றாம் வருடக் கதையில்தான் பெரிய சிக்கல் காத்திருந்தது. சைலர் யுரேனஸ், சைலர் நெப்டியூன். யுரேனஸ் கார் பந்தயம் ஓட்டும், ஆண் உடை போட்ட, டகராசுகாவில் நேரே வேலைக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய பெண். நெப்டியூன் வயலின் வாசிக்கும் நளினக்காரி. இருவரும் காதலர்கள் என்பது ஜப்பானில் கைப்பிள்ளைக்கும் தெரியும். அமெரிக்க மொழிமாற்றக்காரர்கள் கூடி யோசித்தார்கள். இரண்டு பெண்கள் எந்நேரமும் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குள் கண் பார்த்து, கன்னம் சிவக்கிறார்கள். இதற்கு மானமுள்ள விளக்கம் ஒன்று வேண்டும். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள்: இவர்கள் ஒன்றுவிட்ட சொந்தக்காரர்கள், மாமன் அத்தை பிள்ளைகள் மாதிரி. காட்சி எதையும் அதிகம் வெட்டவில்லை. அதே பார்வை, அதே சிவப்பு, உறவு மட்டும் புதிது. சொந்தம் என்று சொல்லிவிட்டால் காதல் என்ற சந்தேகமே யாருக்கும் வராது என்று அவர்கள் முழுமனதாக நம்பினார்கள்.

மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்: அடப்பாவிகளா, இப்போதுதான் முறையாயிற்று, இனி நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி என்று.